சம்பளம் ஏறியும் ஏன் பத்தவில்லை? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது ஒரு கட்டு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. எல்லாம் விலைவாசி, சம்பளம், வாடகை, கடன். எழுதியவர்களில் வேலை இல்லாதவர் என்று ஒருவர்கூட இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறவர்கள், சில வீடுகளில் இரண்டு பேருமே உழைக்கிறார்கள், அப்படியும் மாதக் கடைசி தாண்டவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க இதே பேச்சு. பெயர்களை நானே விட்டுவிட்டேன்.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று மாதாமாதம் செய்தியில் சொல்கிறார்கள். கடையில் ஒரு சாமான் விலைகூடக் குறைந்த மாதிரித் தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்களா, எனக்குத்தான் கணக்குத் தெரியவில்லையா? – தையல் வேலை செய்யும் வாசகி

அவர்கள் சொல்வதும் பொய் இல்லை அம்மா, உங்கள் கணக்கும் தப்பில்லை. இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். 100 கொடுத்து வாங்கிய சாமான் ஒரு வருடத்தில் 110 ஆனால் பணவீக்கம் 10 சதவீதம். அடுத்த வருடம் அதுவே 113 ஆனால் பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, செய்தியில் நிம்மதியாகச் சொல்வார்கள். ஆனால் கல்லாவில் நீங்கள் எடுத்து வைப்பது 113. முதல் வருடம் ஏறின 10 எங்கேயும் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2022 அக்டோபரில் 11.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2024 மே மாதத்தில் 2 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்காக அங்கே விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடவில்லை. பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமானால் விலை உண்மையிலேயே இறங்க வேண்டும், எல்லா சாமானுக்கும் ஒன்றாக அப்படி நடப்பது ரொம்ப அபூர்வம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சதவீதம் ஒரு சராசரிக் குடும்பத்தின் கூடையை வைத்துப் போடுவது. அந்தக் கூடையில் சாப்பாடும் இருக்கும், காரும் இருக்கும், விமான டிக்கெட்டும் இருக்கும், டிவியும் இருக்கும். டிவி விலை இறங்கி எண்ணெய் விலை ஏறினால் ஒன்றை ஒன்று ஓரளவுக்கு ஈடுகட்டிக்கொண்டு சராசரி சாதுவாக நிற்கும். நீங்கள் மாதாமாதம் டிவி வாங்குவதில்லையே. எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே, பெல்ஜியத்துத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை வைத்து ஒன்றைக் காட்டினார்: வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகிற பங்கு கூடிக்கொண்டே போகும். இன்றைக்கும் எந்த நாட்டில் பார்த்தாலும் அது அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் சாப்பாட்டு விலை ஏறும்போது உங்கள் வீட்டுப் பணவீக்கம் செய்தியில் சொல்வதைவிட அதிகமாகத்தான் இருக்கும். நீங்கள் உணர்வது பிரமை இல்லை. உங்கள் கூடை வேறு, அவ்வளவுதான்.

எனக்கு இந்த வருடம் 6 சதவீதம் சம்பளம் கூடியது. ஆனால் போன வருடத்தைவிட இப்போதுதான் கஷ்டம். "கூடின பணம் எங்கே போகிறது?" என்று மனைவி கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை. – கிடங்கில் வேலை பார்க்கும் வாசகர்

தம்பி, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், நானும் கூடவே போடுகிறேன். சம்பளம் 100 என்று வைப்போம். வாடகை 30, சாப்பாடு 30, கடன் தவணை 15, பிள்ளைகள் படிப்பும் போக்குவரத்தும் 15. மிச்சம் 10. அந்தப் பத்தில்தான் மருந்து, துணிமணி, ஒரு நல்லது கெட்டது, ஊருக்குப் போய் வருவது எல்லாம்.

இப்போது சாப்பாடு 20 சதவீதம் ஏறுகிறது, 36 ஆகிவிட்டது. வீட்டுக்காரர் 10 சதவீதம் கூட்டினார், 33. படிப்பும் போக்குவரத்தும் 17. தவணை அதே 15. கூட்டினால் 101 வருகிறது. உங்கள் புதுச் சம்பளம் 106. மிச்சம் 5.

பார்த்தீர்களா? போன வருடம் கையில் 10 நின்றது, இந்த வருடம் 5. அதிலும் அந்த 5-ஐ எடுத்துக்கொண்டு போனால் துணியும் மருந்தும் விலை ஏறியிருக்கிறது. வாடகையைக் குறைத்துக் கொடுக்க முடியாது, தவணையைத் தள்ள முடியாது, சாப்பாட்டை ஓர் அளவுக்குமேல் சுருக்க முடியாது. ஆகையால் எல்லாப் பக்கமும் ஏறின விலை மொத்தமும் அந்தச் சின்னப் பத்தின்மேல் வந்து விழுகிறது. வெளியில் இருந்து பார்த்தால் சம்பளம் கூடியிருக்கிறது. வீட்டுக்குள் மூச்சு விடுகிற இடம் பாதியாகிவிட்டது. உங்கள் மனைவியிடம் இந்தத் தாளை அப்படியே காட்டுங்கள். நீங்கள் எங்கேயும் பணத்தைத் தொலைக்கவில்லை.

எண்ணில் கூடியதைக் கூடியதாகவே நினைப்பதற்குப் 'பண மாயை' என்று பெயர். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எர்விங் ஃபிஷர் 1928-இல் இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அது படிக்காதவர்களுக்கு மட்டும் வருகிற மயக்கம் கிடையாது, எல்லாருக்கும் வரும். விலையைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் மெய்யான ஊதியம். 2022-ஆம் ஆண்டின் முதல் பாதியில் உலக அளவில் அந்த மெய்யான மாத ஊதியம் 0.9 சதவீதம் குறைந்தது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டுச் சொன்னது. இந்த நூற்றாண்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஆகவே இது உங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை.

பாக்கெட் அதே மாதிரி இருக்கிறது, விலையும் அதேதான், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா? – கல்லூரி மாணவி

உங்களுக்கு மட்டும் இல்லை. விலையைத் தொடாமல் அளவைக் குறைப்பது ரொம்ப நாளாக நடக்கிறது. போன வாரம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு அந்த பிளாஸ்டிக் தட்டைக் கவனித்துப் பார்த்தேன். அறைகளின் ஓரச் சுவர்கள் தடித்திருக்கின்றன, நடுவில் விரல் போகிற இடைவெளி, மேல்வரிசையில் ஒரு பிஸ்கட் குறைவு. வெளி உறை அதே நீளம். சோப்பில் அடிப்பக்கம் குழிந்திருக்கும். முன்பக்க விலையை விட்டுவிட்டு நிகர எடையைப் பாருங்கள், விலையை எடையால் வகுத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். போன் கையில்தானே இருக்கிறது, அரை நிமிட வேலை.

மாதம் 20-ஆம் தேதி தாண்டினால் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடிகிறது. அவர் கெட்டவர் இல்லை, குடி கிடையாது. நான் ஏதாவது வேண்டும் என்று ஆரம்பித்தாலே எரிந்து விழுகிறார். போன வாரம் பிள்ளையின் செருப்பு அறுந்துவிட்டது என்று சொன்னேன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். – பெயர் வேண்டாம் என்ற வாசகி

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். அந்தச் செருப்பு வரியில் நின்றுவிட்டேன்.

சகோதரி, நீங்கள் சொன்னது "செருப்பு அறுந்துவிட்டது". அவர் காதில் விழுந்தது "உன்னால் ஒரு செருப்பு வாங்க முடியவில்லை". நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தும் போதவில்லை என்கிற வெட்கம் உள்ளே கிடக்கிறபோது எந்தச் சொல்லும் அப்படித்தான் கேட்கும். என் அப்பா மாதக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு ரொம்ப நேரம் கழித்து வருவார். வேலை அதிகம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வேலை முடிந்த பிறகும் தெருமுனையில் சும்மா நின்றுகொண்டிருப்பார் என்று பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். நாங்கள் தூங்கிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம் அல்லவா.

அதற்காக அவர் தட்டைத் தள்ளியது சரி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாரத்தில் பாதி உங்கள் தலையிலும் இருக்கிறது, நீங்கள் யார் மேல் எரிந்து விழுவது? ஒன்று மட்டும் செய்து பாருங்கள். இந்தப் பேச்சை 20-ஆம் தேதிக்கு மேல் எடுக்காதீர்கள். சம்பளம் வந்த இரண்டு மூன்று நாளுக்குள், பிள்ளைகள் தூங்கிய பிறகு, மேலே தம்பிக்குப் போட்டுக் காட்டிய அதே மாதிரிக் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். பணம் குறைவாக இருக்கும்போது புத்தியே வேறு மாதிரி வேலை செய்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். அதே ஆட்கள்தான், கையில் காசு வருவதற்கு முன் செய்த சோதனையில் தடுமாறியவர்கள் காசு வந்த பின் நன்றாகச் செய்தார்கள். 25-ஆம் தேதி இரவு இரண்டு பேருமே அந்தத் தடுமாற்றத்தில்தான் இருப்பீர்கள், அப்போது எடுக்கிற முடிவும் பேசுகிற பேச்சும் உருப்படியாக இருக்காது.

எழுதும்போது "யார் எவ்வளவு செலவழித்தோம்" என்று ஆரம்பிக்க வேண்டாம், "இந்த மாதம் எது தள்ளிப் போகலாம், எது தள்ளவே கூடாது" என்று ஆரம்பியுங்கள். செருப்பு தள்ளக் கூடாத பக்கத்தில் வந்தால் அதை அப்போதே வாங்கிவிடுங்கள். அப்புறம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி, ஆளுக்கு ஒரு தொகையைக் கேள்வி கேட்காத காசு என்று ஒதுக்கிவிடுங்கள். அவருக்கு ஒரு டீக்காகவும் உங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்கு ஒரு பொட்டுக்காகவும் அவரிடம் கேட்க வேண்டாம்.

டிவியில் வருகிறவர்கள் எல்லாம் "சிக்கனமாக இருங்கள், பட்ஜெட் போடுங்கள்" என்கிறார்கள். கேட்கவே ஆத்திரமாக இருக்கிறது. நாங்கள் ஊதாரிகளா? – ஒரு பேருந்து நடத்துநர்

இல்லை ஐயா. உங்கள் ஆத்திரம் நியாயமானது.

இந்தக் கேள்விக்கு நூற்றிருபது வருடத்துக்கு முன்பே ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பதில் தேடியிருக்கிறார். சீபோம் ரௌன்ட்ரீ, சாக்லேட் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் தொழிலாளர் வீடுகள் அத்தனையையும் கணக்கெடுக்க வைத்தார். உயிரும் உடம்பும் ஒட்டிக்கொண்டிருக்க என்ன தேவையோ அதை மட்டும் வைத்து ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் பஸ்ஸுக்கோ செய்தித்தாளுக்கோ ஒரு காசு கிடையாது, பிள்ளைக்கு ஒரு பொம்மைகூடக் கிடையாது. அந்தக் கோட்டுக்கும் கீழே கிடந்தவர்களை ஏன் கிடக்கிறார்கள் என்று பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒழுங்காக வேலைக்குப் போகிற ஆள் இருக்கும் குடும்பங்கள்தான். கூலி குறைவு, அதுதான் காரணம். ஏழை என்றால் சோம்பேறி, குடிகாரன் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. குடும்பம் எந்தெந்தக் காலத்தில் நசுங்கும் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்: ஒருவர் குழந்தையாக இருக்கும்போது, பிறகு தன் பிள்ளைகள் சிறுசாக இருக்கும்போது, கடைசியில் முதுமையில். நடுவில் பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் மூச்சு விடலாம்.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் முதல் வேண்டும். மொத்தமாக வாங்கினால் மலிவு, மொத்தமாக வாங்கக் கையில் பணம் வேண்டும். நல்ல பை ஐந்து வருடம் வரும், மலிவுப் பை வருடத்துக்கு ஒன்று கிழியும். தவணை ஒரு நாள் தாமதமானால் அதற்கு அபராதம். கையில் இல்லாதவனுக்கு எல்லாமே கொஞ்சம் கூடுதல் விலை. அப்புறம் சிக்கனம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வீட்டுப் பெண்ணின் நேரமும் உடம்பும்தான். நாலு கடை ஏறி இறங்குவது, கிழிந்ததைத் தைப்பது, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு "எனக்குப் பசியில்லை" என்று சொல்வது. அதை யாரும் எந்த பட்ஜெட்டிலும் எழுதுவதில்லை.

சம்பளம் கூட்டச் சொன்னால், "எல்லாருக்கும் கூட்டினால் விலை இன்னும் ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்கிறார் முதலாளி. உண்மையா? – தொழிற்சாலை ஊழியர்

அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். கூலியும் விலையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறிய காலங்கள் உண்டு, 1970-களில் பல நாடுகள் அதைப் பார்த்தன. ஆனால் அப்போதும் நெருப்பு வைத்தது பெரும்பாலும் எண்ணெய். 1973 அக்டோபரில் தொடங்கி சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை கிட்டத்தட்ட நான்கு மடங்கானது. 2022-இல் நடந்ததையும் பாருங்கள். ரஷ்யாவும் உக்ரைனும் கோதுமையும் சூரியகாந்தி எண்ணெயும் பெரிய அளவில் ஏற்றுமதி செய்கிற நாடுகள், போர் தொடங்கியதும் கப்பல்கள் நின்றன, எரிவாயு விலை எகிறியது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உணவு விலைக் குறியீடு அந்த மார்ச் மாதம் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அதில் உங்கள் சம்பளத்துக்கு என்ன பங்கு?

விலை தினமும் மாறுகிறது, சம்பளம் வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் கேட்டால்தான். ஏற்கெனவே ஏறிவிட்ட விலையைப் பிடிக்கத்தான் நீங்கள் ஓடுகிறீர்கள். பெல்ஜியத்தில் விலைக் குறியீடு ஏறினால் ஊதியமும் தானாக ஏறுகிற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1907-இல் ஹிக்கின்ஸ் என்ற நீதிபதி, ஒரு சாதாரணத் தொழிலாளி, அவர் மனைவி, மூன்று பிள்ளைகள் நாகரிகமான சமூகத்தில் மனிதராக வாழ என்ன வேண்டுமோ அதுதான் நியாயமான கூலி என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா என்ற இடத்தில் அவர் தொடங்கவில்லை, வீட்டு வாடகை, அடுப்புச் செலவு என்று அங்கிருந்து தொடங்கினார். அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டம் அடுத்த வருடமே உயர் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. ஆனால் அந்த அளவுகோல் அந்த நாட்டின் கூலி நிர்ணயத்தில் பல காலம் நின்றது. நீங்கள் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து போங்கள், போன வருடத்து விலையையும் இந்த வருடத்து விலையையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டுச் செலவுக்கே கடன் வாங்க வேண்டிவந்துவிட்டது. மாதம் 3 சதவீதம் வட்டி. சின்ன வட்டிதானே, வாங்கலாமா? – ஒரு வாசகர்

சின்ன வட்டி இல்லை. மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36. கட்டாமல் விட்டு வட்டி அசலோடு சேர்ந்தால் வருடத்துக்கு 42-க்கும் மேல், இரண்டு வருடத்தில் கடன் இரட்டிப்பு. இயந்திரம் வாங்க, வைத்தியம் பார்க்க என்று ஒரு தடவைச் செலவுக்கு வாங்குவது வேறு. மாதாமாதம் விழுகிற ஓட்டையைக் கடனால் அடைத்தால் அடுத்த மாதம் அதே ஓட்டை, கூடவே வட்டி.

வாங்குவதற்கு முன், ஏற்கெனவே யாருக்குத் தர வேண்டியிருக்கிறதோ அவர்களிடம் போய்ப் பேசுங்கள். வீட்டுக்காரர், பள்ளி, பழைய கடன்காரர், யாராக இருந்தாலும் தேதி வருவதற்கு முன்பே போங்கள். தேதி தாண்டிய பிறகு போகிறவருக்கும் முன்பே வந்து "இந்த மாதம் பாதி தருகிறேன், மீதி அடுத்த மாதம்" என்கிறவருக்கும் கிடைக்கிற மரியாதை வேறு. வேலை செய்கிற இடத்தில் வட்டியில்லாத முன்பணம் உண்டா என்று கேளுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் வட்டி எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று மூன்றையும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கடன்களில் வட்டி அதிகமானதை முதலில் முடியுங்கள், தொகை சின்னதாக இருக்கிறதே என்று குறைந்த வட்டிக் கடனை முதலில் அடைக்க வேண்டாம். வீட்டில் மறைத்து மட்டும் வாங்காதீர்கள்.

மகனுக்கு 12 வயது. வீட்டுக் கஷ்டத்தை அவனிடம் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா? – ஒரு தாய்

அவனுக்கு ஏற்கெனவே தெரியும் அம்மா. பள்ளிச் சுற்றுலாத் தாளை அவன் உங்களிடம் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்திருக்கலாம், ஒரு முறை பாருங்கள். நான் அப்படி வைத்திருந்தேன்.

பயமுறுத்தாமல் சொல்லுங்கள். "இந்த வருடம் விலை ஏறிவிட்டது, அப்பா அம்மா சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை, கொஞ்ச நாள் பார்த்து நடக்க வேண்டும், சாப்பாட்டுக்கும் உன் படிப்புக்கும் குறை வராது" என்றால் போதும். குறை வராது என்ற அந்த வாக்கியம் உங்களால் காப்பாற்ற முடிகிறதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கடன்காரர் பேச்சு, உங்கள் இருவரின் சண்டை, இதெல்லாம் அவனுக்கு வேண்டாம். காசு இல்லாதது அவனால்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள். எங்கள் அம்மா கணக்கு நோட்டில் ஒவ்வொரு மாதத்தின் கடைசி வரியையும் என்னை எழுத வைப்பார். கூட்டலில் தப்பு வந்தால் திட்ட மாட்டார், திரும்பக் கூட்டச் சொல்வார். சுற்றுலாத் தாளையும் ஒருநாள் அந்த நோட்டுக்குள்தான் வைத்துக் கொடுத்தேன், அவர் அதைப் படித்துவிட்டு, "அடுத்த மாதம் எழுதிக்கொள்" என்றார்.